டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதாத பசை: பெருந்தமனி அறுவைக்கு மூன்று ஆண்டுகள் கழித்து வந்த சிக்கல், ஒரு நிகழ்வு ஆய்வு

பெருந்தமனியில் செயற்கைக் குழாய் வைத்த ஒருவர் மூன்று ஆண்டுகள் கழித்து லேசான காய்ச்சலோடு திரும்பி வந்தால், குழாயில் கிருமி ஏறிவிட்டதோ என்றுதான் எந்த மருத்துவரும் முதலில் நினைப்பார். அப்படி நினைக்கத்தான் வேண்டும். தவறவிட்டால் உயிர் போகும். இந்த நிகழ்விலும் அப்படியே நினைத்து ஆறு வாரம் சிரைவழி ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். நோய் அசையவில்லை, சிறுநீரகம்தான் அடிவாங்கியது. முதல் அறுவையில் தமனிச் சுவருக்குள் பசை வைத்திருந்தார்கள் என்ற ஒரு தகவல் சிகிச்சை கொடுத்தவர்கள் யார் கையிலும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே வரும் நோயாளி தனி ஒரு மனிதர் அல்லர். இவ்வகை நோயாளிகளிடம் பதிவான கூறுகளைச் சேர்த்து, இளம் மருத்துவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காகக் கோத்த நிகழ்வு இது. அவருடைய எண்களையும் நாட்களையும் அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். பசையின் வரலாறும் வேதியியலும் ஆய்வு முடிவுகளும் பதிவான உண்மைகள்.

முதல் அறுவை

வயது 54, ஆண். பத்து வருட ரத்த அழுத்தம். மாத்திரையை நினைத்தால் போடுவார், தலை வலித்தால் போடுவார். ஒரு நாள் அதிகாலை மார்பின் நடுவில் கிழித்தாற்போல் வலி, அது முதுகுக்குப் போயிற்று. இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தத்துக்கு 30 புள்ளி வித்தியாசம். சி.டி. ஆஞ்சியோவில், இதயத்திலிருந்து மேலே எழும் ஏறுமுகப் பெருந்தமனியின் உள் அடுக்கு கிழிந்து, நடு அடுக்கின் வழியே ரத்தம் புகுந்து, குழாய் இரண்டு வழியாகப் பிரிந்திருந்தது. ஸ்டான்ஃபோர்ட் டைப் ஏ டிஸெக்‌ஷன். அதாவது ஏறுமுகப் பெருந்தமனியைத் தொடும் சுவர்ப் பிளவு. சிகிச்சை இல்லாவிட்டால் முதல் இரண்டு நாட்களில் மணிக்கு நூற்றில் ஒருவர், இருவர் என்று சாகும் நோய் என்பது பழைய கணக்கு. அன்றே அறுவை அரங்குக்குக் கொண்டுபோனார்கள்.

அந்த அறுவையின் சிரமம் என்னவென்று தெரிந்தால்தான் பசை ஏன் வந்தது என்பது புரியும். பிளவுபட்ட பெருந்தமனியின் சுவர் நனைந்த காகிதம்போல் இருக்கும். உள் அடுக்கு ஒரு பக்கம், வெளி அடுக்கு ஒரு பக்கம், நடுவில் உறைந்த ரத்தம். அதில் டேக்ரான் என்ற செயற்கைத் துணியாலான குழாயைத் தைக்க வேண்டும். ஒவ்வொரு ஊசித் துளையும் கசியும். நூலை இழுத்துக் கட்டினால் சுவரையே அறுத்துக்கொண்டு வரும். இதய நுரையீரல் இயந்திரத்தில் பல மணி நேரம், அதற்காக ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், உடலைக் குளிர வைத்தது எல்லாம் சேர்ந்து ரத்தம் உறையும் திறனே குலைந்திருக்கும். விடிய விடிய ரத்தக் கசிவோடு போராடிய ஒருவர், இரண்டு அடுக்கையும் ஒட்டவைத்துத் தைப்பதற்குத் தோல்போன்ற சுவரைக் கொடுக்கும் ஒரு பொருளை வேண்டாம் என்று சொல்வது கடினம். அந்த இரவுகளை அறிந்தவர் யாரும் பசையை எளிதில் பழிக்க மாட்டார்கள்.

இவருக்கு 28 டிகிரி வரை உடலைக் குளிர்வித்து, ஏறுமுகப் பெருந்தமனியையும் வளைவின் அடிப்பகுதியையும் 28 மில்லிமீட்டர் டேக்ரான் குழாயால் மாற்றினார்கள். பிளவு கீழே நான்-கரோனரி சைனஸ் வரை, அதாவது பெருந்தமனியின் வேர்ப்பகுதியில் கரோனரி தமனி கிளம்பாத புடைப்பு வரை, இறங்கியிருந்தது. அங்கே உறைந்த ரத்தத்தை எடுத்துவிட்டு, இரண்டு அடுக்குக்கும் இடையில் ஆல்புமின்-குளூட்டரால்டிஹைட் பசையைச் செலுத்தி ஒட்டினார்கள். தைத்து முடித்தபின் கசிந்த இடங்களின் வெளிப்புறத்திலும் மறுபடி பூசினார்கள். பதினோராம் நாள் வீடு திரும்பினார். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ஏறுமுகப் பெருந்தமனி மற்றும் ஹெமி-ஆர்ச் மாற்று அறுவை செய்யப்பட்டது’ என்று ஒரு வரி. குழாயின் அளவு இருந்தது. மாத்திரைகள் இருந்தன. பசை இல்லை.

திரும்பி வந்தது

மூன்று ஆண்டுகள் கழித்து இரண்டு மாதமாகச் சோர்வு, சில மாலைகளில் 37.8 டிகிரி வரை காய்ச்சல், மூன்று கிலோ எடைக் குறைவு, மார்பெலும்புக்குப் பின்னால் ஒரு மந்தமான வலி. அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனைகள் இரண்டும் கூடுதல்: இ.எஸ்.ஆர். 62, சி.ஆர்.பி. 28. வெள்ளை அணுக்கள் இயல்பு அளவில். மூன்று தடவை எடுத்த ரத்த வளர்ப்புச் சோதனையில் எதுவும் வளரவில்லை. எக்கோவில் வால்வு லேசாகக் கசிந்தது. குழாயைச் சுற்றித் தடிப்பு தெரிந்தது.

பெட் ஸ்கேனில் குழாயின் கீழ் முனையைச் சுற்றி ஒரு வளையம் பளிச்சென்று ஒளிர்ந்தது. அறிக்கை ‘கிராஃப்ட் (செயற்கைக் குழாய்) தொற்று, வலுவான சந்தேகம்’ என்றது. கிடைத்த தகவலை வைத்துப் பார்த்தால் அந்த அறிக்கையில் பிழை காண முடியாது. வான்கோமைசினும் செஃப்ட்ரியாக்சோனும் தொடங்கினார்கள். ஆறு வாரத்தின் முடிவில் சி.ஆர்.பி. 26. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.1-இலிருந்து 2.0 ஆகியிருந்தது. மறுபடி எடுத்த பெட் ஸ்கேனில் அதே வளையம், அதே ஒளி.

அந்த நிலையில்தான் பழைய மருத்துவமனைக்கு ஆள் அனுப்பி மூல அறுவைக் குறிப்பின் நகல் கேட்கப்பட்டது. நோயாளியின் மனைவி பிளாஸ்டிக் கவரில் எல்லாக் காகிதத்தையும் பத்திரமாக வைத்திருந்தார். எக்ஸ்-ரே, பில், மருந்துச் சீட்டு எதையும் தொலைக்கவில்லை. ஆனால் அறுவைக் குறிப்பு நோயாளி கைக்கு வருகிற காகிதம் இல்லை. வந்த நகலின் இரண்டாம் பக்கத்தில், கையெழுத்துக்கு மேலே, பசையின் பெயரும் இரண்டு சிரிஞ்ச் பயன்படுத்தியதும் இருந்தன.

பசை ஒளிரும் காரணம்

பெட் ஸ்கேனில் ஊசி மூலம் ஏற்றுவது கதிரியக்கம் சேர்த்த குளுக்கோஸ். அதை அதிகமாகத் தின்னும் செல்கள் ஒளிரும். புற்று செல்கள் தின்னும். கிருமியோடு சண்டையிடும் வெள்ளையணுக்கள் தின்னும். தன்னால் கரைக்க முடியாத அந்நியப்பொருளைச் சூழ்ந்து நிற்கும் மேக்ரோபேஜ் என்ற விழுங்கு செல்களும் தின்னும். ஸ்கேனருக்கு இவற்றைப் பிரிக்கத் தெரியாது. குளூட்டரால்டிஹைட் கலந்த பசை உடலில் எளிதில் கரைவதில்லை, வருடக்கணக்கில் கிடக்கும். அதைச் சுற்றி அணையாத அழற்சியும் கிடக்கலாம். அறுவைப் பசை பெட் ஸ்கேனில் பொய்த் தொற்றைக் காட்டும் என்பதை இதய உள்ளுறை, ரத்தக் குழாய்த் தொற்றுகளுக்கான ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் எச்சரிக்கையாகவே குறித்திருக்கின்றன. அறுவை நடந்த முதல் மூன்று மாதம் ஸ்கேன் ஒளிர்வதை எல்லோரும் கவனமாகப் படிக்கிறார்கள். மூன்று ஆண்டு கழித்து ஒளிர்ந்தால் அந்தக் கவனம் தளர்ந்துவிடுகிறது.

வடிவத்தை வைத்துக் கொஞ்சம் ஊகிக்கலாம். ஒரே சீராகப் பரவிய ஒளி அழற்சியின் பக்கம் சாயும். ஓரிடத்தில் குவிந்து, பக்கத்தில் காற்றுக் குமிழோ சீழ்த்தேக்கமோ இருந்தால் தொற்றின் பக்கம் சாயும். வெள்ளையணுக்களுக்கே கதிரியக்கக் குறி இட்டு எடுக்கும் ஸ்கேன் இன்னும் திட்டவட்டமாகச் சொல்லும். ஆனால் இவை எதுவும் முடிவான தீர்ப்பு இல்லை. பசை இருக்கிறது என்று தெரிந்துவிட்டதாலேயே தொற்று இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. பசைக் கட்டியில் கிருமியும் குடியிருக்கலாம்.

அடுத்து எடுத்த சி.டி. விஷயத்தை மாற்றியது. இந்த முறை சாயம் ஏற்றுவதற்கு முன்பும் ஒரு சுற்று எடுக்கப்பட்டது. தையலுக்குத் தாங்கலாக வைக்கும் ஃபெல்ட் என்ற தடித்த துணிப் பட்டை சாயம் இல்லாமலே வெளுப்பாகத் தெரியும். சாயம் ஏற்றிய படத்தை மட்டும் பார்த்தால் அதையே ரத்தப் புடைப்பு என்று படிக்கும் ஆபத்து உண்டு. இங்கே அப்படி இல்லை. சாயத்துக்கு முன் வெளுக்காமல் இருந்து, பின் சாயம் நிரம்பிய 3.1 சென்டிமீட்டர் பை ஒன்று நான்-கரோனரி சைனஸை ஒட்டி இருந்தது. பொய்ப் புடைப்பு: தையல் விட்ட இடத்தில் ரத்தம் வெளியே வந்து, சுற்றியுள்ள திசு அதை அணைகட்டி வைத்திருக்கிறது. பையின் முன் விளிம்புக்கும் மார்பெலும்புக்கும் இடையில் ஆறு மில்லிமீட்டர்.

ஆக அறுவை தேவை என்பதில் பேச்சே இல்லை. கிருமியா பசையா என்ற கேள்வி, உள்ளே எதை வைப்பது, ஆன்டிபயாடிக் எத்தனை நாள் என்பதையெல்லாம் தீர்மானிக்கிறது. தொற்று உறுதி என்றால் செயற்கைக் குழாயை முழுதும் எடுத்துவிட்டு, கிடைத்தால் மனிதத் தமனி ஒட்டு, சுற்றிலும் வயிற்றுக் கொழுப்புத் திரை, பிறகு வாழ்நாள் மருந்தும் வரலாம். நம் ஊரில் காசநோயையும் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது. அதற்கும் தனியாகத் திசு அனுப்ப ஏற்பாடு செய்யப்பட்டது.

இரண்டாம் அறுவை

மார்பெலும்பை அறுக்கும்போதே பை கிழியலாம் என்பதால், முதலில் வலது அக்குள் தமனியிலும் தொடைச் சிரையிலும் குழாய் போட்டு இயந்திரத்தில் ஏற்றி, உடலைக் குளிர்வித்தபின்தான் எலும்பில் ரம்பம் வைக்கப்பட்டது.

உள்ளே சீழ் இல்லை, நாற்றம் இல்லை. குழாயின் கீழ் முனையைச் சுற்றி மஞ்சளும் பழுப்புமாய், காய்ந்த சோப்புபோல் நொறுங்கும் கட்டிகள். சில இடங்களில் அரை சென்டிமீட்டருக்கு மேல் தடிமன். இவ்வளவு தேவையே இல்லை. இதயத்துக்கு ரத்தம் தரும் வலது கரோனரி தமனியின் வாயைச் சுற்றியும் அந்தக் கட்டி ஒரு காலர்போல் இறுகியிருந்தது. நான்-கரோனரி சைனஸில் இணைப்புத் தையல் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கு விட்டிருந்தது. பாலிப்ரோப்பிலீன் நூல் அறவில்லை. போட்ட முடிச்சுகள் போட்டபடியே இருந்தன. நூல் பிடித்திருந்த தமனிச் சுவர்தான் அங்கே இல்லை. மிச்சமிருந்த சுவரை இடுக்கியால் தொட்டால் ரஸ்க் போல உதிர்ந்தது.

வேர்ப்பகுதியை முழுதும் அகற்றி, வால்வோடு சேர்ந்த குழாய் வைத்து, கரோனரித் தமனிகளைப் பொத்தான்போல வெட்டி அதில் இணைக்கும் பென்டால் அறுவை செய்யப்பட்டது. வலது பொத்தானைப் பசையிலிருந்து விடுவிக்கவே நாற்பது நிமிடம் ஆயிற்று. இந்த முறை ஆல்டிஹைட் பசை எதுவும் இல்லை. வெளியே ஃபெல்ட் பட்டை, நெருக்கமான தையல், மேலே ஃபைப்ரின் தெளிப்பு மட்டும். அதன் விலையையும் சொல்ல வேண்டும். ரத்தம் நிற்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. தட்டணுவும், ரத்தம் உறைய உதவும் புரதங்கள் அடங்கிய கிரையோவும் தாராளமாகப் போயின.

திசு அறிக்கை: நடு அடுக்கில் செல் உட்கரு இல்லாமல் செத்த பரப்பு; இளஞ்சிவப்பாய்ச் சாயமேற்ற உருவமற்ற பசைத் துணுக்குகள்; அவற்றைச் சூழ்ந்து அந்நியப்பொருள் ராட்சத செல்கள்; ஆங்காங்கே சுண்ணாம்புப் படிவு. கிருமிச் சாயங்கள், பூஞ்சைச் சாயம், காசநோய்ச் சாயம் எல்லாம் நெகட்டிவ். பாக்டீரியா மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். நெகட்டிவ். வளர்ப்பு பதினான்கு நாள் வைத்தும் ஒன்றும் வளரவில்லை. பாக்டீரியாவுக்கான அந்த முடிவு வந்த அன்று ஆன்டிபயாடிக் நிறுத்தப்பட்டது. காசநோய் வளர்ப்பும் ஆறு வாரம் கழித்து நெகட்டிவ் என்றே வந்தது, அதற்குள் சி.ஆர்.பி. 4-க்கு இறங்கியிருந்தது.

பசை வந்த வழி

பிளவுபட்ட பெருந்தமனியை ஒட்டவைக்கும் யோசனை பிரான்சில் தொடங்கியது. பாரிஸை அடுத்த சுரேனில் உள்ள ஃபோஷ் மருத்துவமனையில் கில்மே, பாஷே என்ற அறுவை மருத்துவர்கள் 1977 முதல் ஜெலட்டின்-ரிசார்சின்-ஃபார்மலின் பசையைப் பயன்படுத்தினார்கள். 1979-இல் முதல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் அது வேகமாகப் பரவியது. ஜெலட்டினும் ரிசார்சினும் தாமாக இறுகாது. மேலே சில சொட்டு ஃபார்மலின் விட்டால் இறுகும். அந்தச் சொட்டில்தான் வினை. ஃபார்மலின் என்பது பிணத்தையும் உறுப்பையும் கெடாமல் வைக்கப் பயன்படும் திரவம். பசை இறுகத் தேவையான அளவுக்கு மேல் விட்டால் மிச்சம் உயிருள்ள சுவரையும் அப்படியே பதப்படுத்திவிடும். பதப்படுத்திய திசு இறந்த திசு. அது நூலைத் தாங்காது. 1999-லிருந்து 2001-க்குள் ஜப்பானிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் ஒன்றன்பின் ஒன்றாக அறிக்கைகள் வந்தன: பசை வைத்த வேர்ப்பகுதியில் மீண்டும் பிளவு, பொய்ப் புடைப்பு, திசுச் சாவு. முதல் மாதங்களில் அழகாகத் தெரிந்த அறுவை, சில ஆண்டுகளில் பிரிந்திருந்தது.

அடுத்து வந்தது மாட்டு ரத்த ஆல்புமினும் குளூட்டரால்டிஹைடும் சேர்ந்த பசை; பயோகுளூ என்ற பெயரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2001 டிசம்பரில் பெரிய ரத்தநாள அறுவைகளில் வழக்கமான முறைகளுக்குத் துணையாக அனுமதித்தது. 45 சதவீத ஆல்புமின் நாலு பங்கு, 10 சதவீத குளூட்டரால்டிஹைட் ஒரு பங்கு. இரண்டும் சிரிஞ்சின் நுனியில் கலந்து 20 முதல் 30 நொடியில் இறுகத் தொடங்கும், இரண்டு நிமிடத்தில் முழு வலு. அளவைச் சிரிஞ்சே பார்த்துக்கொள்கிறது என்பதால் சொட்டுக் கணக்குப் பிரச்சினை குறைந்தது. ஆனாலும் ஆல்டிஹைட் ஆல்டிஹைட்தான். இறுகிய பசையிலிருந்தும் அது கசிந்து செல்களைப் பாதிப்பதை 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஹூஸ்டனில் லெமேர் குழு பன்றிகளில் செய்த சோதனைகளை, பெருந்தமனி அறுவை கற்கும் எவரும் ஒருமுறையாவது வாசிக்க வேண்டும். 2002-இல் வளரும் பன்றிக்குட்டிகளின் தமனி இணைப்பில் பசை பூசினார்கள். குட்டி வளர, பசை பூசிய இடம் வளராமல் குறுகிற்று. குழந்தைகளின் வளரும் ரத்தக் குழாயைச் சுற்றி இதைப் பூசக்கூடாது என்பதன் வேர் இங்கே இருக்கிறது. இன்னொரு சோதனையில் உதரவிதான நரம்பின் மேலும் இதயத் துடிப்பைத் தொடங்கும் சைனஸ் கணுவின் அருகிலும் பசை பட, இரண்டும் பாதிக்கப்பட்டன. மூன்றாவது எனக்கு அதிகம் கவலை தருவது: வெளியே பூசிய பசை ஊசித் துளை வழியே தமனிக்குள் கசிந்து வந்தது. வெளியில் ‘சும்மா ஒரு பூச்சு’ என்று நினைப்பது உள்ளே துணுக்காக விழலாம். அந்தத் துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம், கரோனரிக்குப் போனால் மாரடைப்பு, காலுக்குப் போனால் கால். செயற்கை வால்வின் இதழில் பசை ஒட்டி அது திறக்காமல் போனதும் நோயாளிகளிடம் பதிவாகியிருக்கிறது.

கையில் எடுக்கும்போது

பசையே வேண்டாம் என்பது என் நிலை இல்லை. முதல் அறுவையில் இவருக்கு அது இல்லாதிருந்தால் அன்றிரவைத் தாண்டியிருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இவர் மார்பில் பார்த்த தடிமனை எந்தத் தேவையும் நியாயப்படுத்தாது. பிரிந்த அடுக்குகளுக்கு நடுவில் மெல்லிய ஒரு படலம் போதும். ஈரத்தில் இது பிடிக்காது, அதனால் முதலில் துடைத்து உலர்த்த வேண்டும். ரத்தம் ஓட வேண்டிய மெய்யான வழிக்குள் துணிப் பஞ்சை வைத்து அடைத்து, கரோனரி வாய்களை மூடிக் காத்து, நுனியில் வரும் முதல் கலவையை வெளியே தள்ளிவிட்டு, பிறகு செலுத்த வேண்டும். இறுகும் இரண்டு நிமிடம் கையை வைத்துக்கொண்டு பொறுமையாக நிற்க வேண்டும். அந்த நேரத்தில்தான் எல்லோருக்கும் அவசரம் வரும். பசை உறிஞ்சும் குழாயில், சிந்திய ரத்தத்தைச் சேகரித்து உடலுக்குத் திருப்பும் செல் சேவரின் இணைப்பு இருக்கக் கூடாது, இருந்தால் துணுக்கு ரத்தத்தோடு உடலுக்கே திரும்பும். கசிகிற தையல் மேல், ரத்தம் வந்துகொண்டே இருக்கும்போது, மேல் மேலாகப் பூசுவது எந்தப் பலனும் தராது. கூடுதல் ஒரு தையல் போடுவது நல்லது. மாட்டுப் புரத ஒவ்வாமை உள்ளவருக்கு இதை எடுக்கவே கூடாது.

ஃபைப்ரின் பசையில் ஆல்டிஹைட் இல்லை, சில வாரத்தில் கரைந்துவிடும். ஆனால் பிரிந்த சுவரைப் பிடித்து நிறுத்தும் வலு அதற்கு இல்லை. பாலிஎத்திலீன் கிளைக்கால் வகைப் பசைகள் முதல் நாளிலேயே பல மடங்கு ஊதும் என்பதால் நெருக்கடியான இடத்தில் யோசித்து வைக்க வேண்டும். பல அறுவை நிபுணர்கள் பசையே இல்லாமல் உள்ளும் புறமும் ஃபெல்ட் வைத்துத் தைக்கும் முறைக்கும், வெளி அடுக்கை உள்ளே மடித்துத் தைக்கும் முறைக்கும் திரும்பியிருக்கிறார்கள். என் சாய்வும் அந்தப் பக்கமே.

இரண்டாம் அறுவைக்குப் பிறகு இவர் கொண்டுபோன டிஸ்சார்ஜ் சம்மரியில் இப்படி எழுதப்பட்டது: முதல் அறுவையில் ஆல்புமின்-குளூட்டரால்டிஹைட் பசை, வேர்ப்பகுதியிலும் வெளிப்புறத்திலும், இரண்டு சிரிஞ்ச், இரண்டாம் அறுவையில் பெரும்பகுதி அகற்றப்பட்டது, வளைவின் அடியில் எடுக்க முடியாத மிச்சம் உள்ளது, பெட் ஸ்கேன் எடுத்தால் அந்த இடம் ஒளிரும். ஓராண்டு கழித்து எடுத்த சி.டி.யில் இணைப்புகள் இறுக்கமாக இருந்தன. அந்தச் சம்மரியின் நகலை மனைவி லேமினேட் செய்து கவரின் முதல் தாளாக வைத்திருக்கிறார்.